மயிர்நுனியில் ஒரு பெயர்

ஐரோப்பியப் பசுமைக்குடில் ஒன்றில் வளரும் வெள்ளரியின் இலையைத் திருப்பி, கைவில்லையால் நோக்கினால், மெல்லிய நூலாம்படைக்குள் இருபுள்ளிச் சிலந்திப்பேன்கள் சாறு உறிஞ்சிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவற்றினிடையே செம்மஞ்சள் நிறத்தில், பேரிக்காய் வடிவில், நீண்ட கால்களுடன் விரைந்தோடும் மற்றோர் உயிரும் தென்படும். அரை மில்லிமீட்டர் நீளமே உடைய அதன் பெயர் பைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ். சிலந்திப்பேன்களைத் தின்றே வாழும் இரைவிழுங்கி உண்ணி அது. அதனையும் பகையென எண்ணி மருந்தடித்தால் இழப்பு உழவருக்கே.

எட்டுக் கால்கள் உடைமையால் இது பூச்சியன்று. கணுக்காலிகள் தொகுதியில், சிலந்தியும் தேளும் அடங்கிய அராக்னிடா வகுப்பைச் சேர்ந்தது. இரையும் அவ்வகுப்பினதே, ஆயினும் வரிசையில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. சிலந்திப்பேன் டிராம்பிடிஃபார்மிஸ் வரிசையினது. இந்த உண்ணியோ மீசோஸ்டிக்மேட்டா வரிசையினது. உடலின் இடைப்பகுதியில், கால்களின் அடியை ஒட்டி, இருபுறமும் மூச்சுத்துளைகள் அமைந்திருப்பதே பின்னதன் பெயர்க்காரணம். அவ்வரிசையில் பைட்டோசியிடே குடும்பம். அக்குடும்பத்தில் 1952இல் எவன்ஸ் நிறுவிய பைட்டோசியூலஸ் பேரினம். இப்பேரினத்தில் நான்கு சிற்றினங்களே உள்ளன.

நான்கே ஆயினும் அவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று. நிறம் உதவாது, உடன்பிறப்பான மேக்ரோபிலிஸ் சிற்றினமும் செந்நிறமுடையதே. ஆகவே உண்ணியை லாக்டிக் அமிலத்தில் இட்டு உடலைத் தெளிவாக்கி, கண்ணாடித் தகட்டில் ஹோயர் ஊடகத்தில் பதித்து, நுண்ணோக்கி வழியே ஆராய்கின்றனர். முதுகுத் தகட்டின் ஒவ்வொரு நுண்மயிருக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த தனிப்பெயர் உண்டு. எந்த மயிர் உண்டு, எது இல்லை, எது வழவழப்பானது, எது இரம்பப் பல்லுடையது, எத்தனை மைக்ரோமீட்டர் நீளமுடையது எனக் குறிக்கின்றனர். வயிற்றுப்புறத் தகட்டின் உருவம், பெண்ணின் விந்துப்பை வடிவம் ஆகியவற்றையும் வரைகின்றனர். மயிரை எண்ணுவதும் ஒரு கல்வியா என நீங்கள் வினவலாம். வகைப்பாட்டாளர் வாசிக்கும் எழுத்து அதுதான்.

வாழ்க்கை முறையும் விவரிப்பில் இடம்பெறும். சிலந்திப்பேனின் முட்டை உருண்டை. இதன் முட்டை நீள்வட்டம், அளவிலும் பெரிது. முட்டையிலிருந்து வரும் இளவுயிரிக்கு ஆறே கால்கள். அது எதையும் உண்பதில்லை. தோலுரித்தபின்தான் எட்டுக் கால்களும் இரைவேட்கையும் வருகின்றன. இவ்வுண்ணிக்குக் கண்கள் இல்லை. பேன் கடித்த இலை வெளியிடும் மணத்தைப் பற்றிக்கொண்டே இரையை அடைகின்றது. தொல்காப்பிய மரபியல் உயிர்களைப் புலனறிவால் வகுப்பதை நீங்கள் கற்றிருப்பீர்கள். ஊறும் சுவையும் நாற்றமும் மட்டுமே அறியும் இதனை அந்நெறியில் மூவறிவுயிர் எனலாம்.

பெயரிட்ட வரலாறும் சுவையானது. அல்ஜீரியாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு அதியாஸ் என்ரியோ என்னும் அம்மையார் 1957இல் இதனை விவரித்தார். பெர்சிமிலிஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'மிகவும் ஒத்தது' என்பது பொருள். மறு ஆண்டே, சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளில் ஓர் உண்ணியைக் கண்ட டோசே, அதற்கு ரீகெலி எனப் பெயரிட்டார். மயிர்களை ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றெனத் தெளிவாயிற்று. முந்திய பெயரே நிற்கும் என்பது விலங்கியல் பெயரிடல் விதி. எனவே ரீகெலி இணைப்பெயராக ஒடுங்கியது.

சிற்றினம் மாறினால் பயனும் மாறும். தக்காளியைத் தாக்கும் டெட்ரானிகஸ் எவான்சி என்னும் சிலந்திப்பேனைத் தின்று பெர்சிமிலிஸ் செழிப்பதில்லை. அதன் நெருங்கிய உறவான லாஞ்சிபஸ், பிரேசிலில் பிடிக்கப்பட்டது, அப்பேனைத் தின்று நன்கு பெருகியது. தென்னாப்பிரிக்காவில் பிடிக்கப்பட்ட லாஞ்சிபஸோ அவ்வாறு பெருகவில்லை. ஒரே சிற்றினம், மயிர்கள் காட்டாத வேறுபாடு. கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒட்டும் சீட்டில் சிற்றினப் பெயரோடு, உண்ணியைப் பிடித்த ஊரும் நாளும் செடியும் தவறாமல் எழுதப்படுகின்றன.