வெறுங்குழாயில் வந்த எண்

தூத்துக்குடி

அன்பு மருமகளே,

உன் கடிதம் கிடைத்தது. புரதத்தை உருவாக்கும் ரைபோசோம் சேர்க்காத வெறுங்குழாயிலும் கதிரியக்க எண்ணிக்கை ஏறியிருக்கிறது, அதை நோட்டில் எழுதாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விடாதே, தாயி.

1950-களின் நடுவில் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பால் ஜமெக்னிக் எலிக் கல்லீரல் சாற்றில் ஆர்.என்.ஏ. உருவாவதைப் பார்க்க முயன்றார். அதற்குக் கார்பன்-14 ஏற்றிய ஏ.டி.பி.யைப் போட்டார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழாயில் கார்பன்-14 லூசின். லூசின் புரதத்துக்குப் போகிற அமினோ அமிலம், ஆர்.என்.ஏ.யில் அதற்கு என்ன வேலை? ஆனாலும் பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.யில் லூசினின் கதிரியக்கம் இருந்தது. சரியாகக் கழுவவில்லை என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. மாலன் ஹோக்லண்ட், மேரி ஸ்டீபன்சன் முதலானோர் அதன் பின்னாலேயே போனார்கள். அமினோ அமிலத்தைச் சுமந்து போகும் டி-ஆர்.என்.ஏ.வைப் பற்றிய அவர்கள் கட்டுரை 1958-ல் வந்தது. ஸ்டீபன்சன் என்னைப் போலவே ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தவர். அவர் பெயர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

உன் குழாயிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். குளிர்ந்த ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் புரதம் படியும்போது, அமினோ அமிலம் ஏறிய டி-ஆர்.என்.ஏ.வும் கூடவே படியும். வடிதாளில் இரண்டும் தங்கிவிடும். எண்ணும் கருவிக்கு எது எதுவென்று தெரியாது. அதே அமிலத்தில் 90 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்கு; ஆர்.என்.ஏ. சிதைந்து கரைந்துவிடும், புரதம் நிற்கும். அதன்பிறகு எண்ணு. இந்தப் படியை ஒருமுறை விட்டுவிட்டு ஒரு மாத வேலையைப் பாழாக்கியவள் நான்.

உன் தாத்தா 1961-ல் இங்கே கடைசி முத்துக்குளிப்பைப் பார்த்தவர். சிப்பியை அழுகவிட்டு, கடல் தண்ணீரில் பல தடவை அலசி முத்தெடுத்த பிறகும், அடியில் தங்கிய மண்ணைக் கொட்டமாட்டார்களாம். அதை வெயிலில் காயப்போட்டு, பெண்களும் பிள்ளைகளும் குத்தவைத்து விரலால் கிளறிப் பொடிமுத்து பொறுக்குவார்கள் என்று அவர் சொல்வார். கடுகிலும் சிறிய முத்துகள். மண்ணோடு மண்ணாகக் கிடக்குமாம். உன் வெறுங்குழாய் எண்ணும் அப்படித்தான்.

நீ வைத்திருப்பது கந்தகம்-35 மெத்தியோனின்தானே? அதன் அரை ஆயுள் 87 நாள்தான், தள்ளிப்போடாதே. சூடாக்கி ஒரு வரிசை, சூடாக்காமல் ஒரு வரிசை, இரண்டிலும் வெறுங்குழாய். எல்லா எண்களையும் தேதி போட்டு எழுதி எனக்கு அனுப்பு.

உன் அத்தை