செஞ்சியும் தில்லியும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் செஞ்சி என்னும் ஊர் உள்ளது. ஊரை நெருங்கும்போதே, பெரும் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தாற்போன்ற மூன்று குன்றுகள் கண்ணிற்படும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்பன அவற்றின் பெயர்கள். மூன்றனையும் வளைத்து நீண்ட மதில் செல்கின்றது. இராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. அதன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னர் ஆழ்ந்த பிளவொன்று வழியை மறிக்கின்றது. பிளவின்மேல் இடப்பட்டுள்ள பாலத்தை நீக்கிவிட்டால், ஒரு சிலரே நின்று பெரும்படையைத் தடுத்துவிடலாம்.

இத்தகைய இடத்தை மன்னர்கள் விரும்பியதில் வியப்பில்லை. விசயநகரப் பேரரசுக்கு உட்பட்டிருந்த நாயக்கர்கள் செஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானின் படைகள் இதனை வென்றன. 1677ஆம் ஆண்டில் சத்திரபதி சிவாஜி கோட்டையைக் கைப்பற்றி, அதன் அரண்களை வலுப்படுத்தினார். அவர் மறைந்தபின், ஓர் அரசின் உயிரையே இக்கோட்டை காக்க நேர்ந்தது.

1689ஆம் ஆண்டில் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜி, முகலாயப் பேரரசர் ஒளரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்டார். மராட்டியரின் தலைநகராகிய இராய்கட் முற்றுகையிடப்பட்டது. சம்பாஜியின் தம்பி இராஜாராம் மாறுவேடம் பூண்டு, பகைவர் கண்ணிற்படாமல் நெடுந்தொலைவு கடந்து செஞ்சியை வந்தடைந்தார். அவர் வந்து அமர்ந்ததும் செஞ்சி மராட்டியரின் தலைநகராயிற்று. அமைச்சர்கள் கூடினர். அரசாணைகள் இங்கிருந்தே வடக்கே சென்றன. அடுத்த ஆண்டில் முகலாயத் தளபதி சுல்பிகர்கான் கோட்டையை வளைத்துக்கொண்டார். முற்றுகை ஏறத்தாழ 8 ஆண்டுகள் நீடித்தது. 1698ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. ஆனால் இராஜாராம் அதற்கு முன்னரே தப்பிச் சென்றுவிட்டார். வென்றவர்களுக்குக் கோட்டை கிடைத்தது, தலைநகர் கிடைக்கவில்லை. அது அரசருடனேயே புறப்பட்டுப் போய்விட்டது. அரசர் இருக்கும் இடமே தலைநகர் என்பது அக்கால வழக்கு.

செஞ்சி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவர் தேசிங்குராஜன். ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து 1714ஆம் ஆண்டில் இளமையிலேயே மாண்ட அவ்வீரரின் கதை, நாட்டுப்புறப் பாடலாக இன்றும் வாழ்கின்றது. எனினும், ஆட்சி என்பது யாது என்று அறிய விரும்புவோர்க்கு இராஜாராமின் செஞ்சியே மிகுதியும் கற்பிக்க வல்லது. அதற்குக் காரணம் ஒரு சொல்.

சிவாஜி தமக்கு உதவியாக எட்டு அமைச்சர்களைக் கொண்டிருந்தார். செஞ்சியில் இராஜாராம் அவர்கள் யாவர்க்கும் மேலாகப் புதிய பதவி ஒன்றை ஏற்படுத்தி, பிரகலாத் நீராஜி என்பவரை அதில் அமர்த்தினார். அப்பதவியின் பெயர் ‘பிரதிநிதி’. அரசருக்குப் பதிலாக நின்று அரசரின் அதிகாரத்தைச் செலுத்துபவர் என்பது அதன் பொருள். இன்றும் செஞ்சி மக்கள் ‘பிரதிநிதி’ என்னும் சொல்லை வழங்குகின்றனர். ஆயினும் அதன் பொருள் தலைகீழாக மாறிவிட்டது. அன்று அரசரின் பிரதிநிதி மக்கள்மீது ஆணை செலுத்தினார்; இன்று மக்களின் பிரதிநிதி அரசாங்கத்தின்முன் மக்களுக்காகப் பேசுகின்றார். இம்மாற்றம் எங்கு நிறைவேறியது என்று கேட்டால், தில்லியை நோக்க வேண்டும்.

தில்லியும் தொடக்கத்தில் மக்கள் தேர்ந்த தலைநகரன்று. 1911ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கு நடைபெற்ற தர்பாரில், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று ஆங்கில மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். இந்திய மக்களை எவரும் கேட்கவில்லை. புதுதில்லி கட்டப்பெற்று 1931ஆம் ஆண்டில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. அங்கு 144 தூண்கள் சூழ, வட்ட வடிவில் அமைந்த மாளிகை 1927ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டிருந்தது. அயலார் தம் ஆட்சிக்கென எழுப்பிய அம்மாளிகையிலேதான் அரசியல் நிர்ணய சபை கூடி, விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியலமைப்பை வகுத்தது. அது 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டு முதல் நாடாளுமன்றம் அருகிலுள்ள புதிய கட்டடத்தில் கூடி வருகின்றது.

குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்ததே நாடாளுமன்றம். மக்களவைக்கு 543 உறுப்பினர்களை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கின்றனர். அவர்களுள் 39 பேர் தமிழ்நாட்டினர். செஞ்சி ஆரணி நாடாளுமன்றத் தொகுதியைச் சார்ந்தது. ஆங்கிலேயர் காலத்தில் சொத்தோ படிப்போ உடையவர்களுக்கே பெரும்பாலும் வாக்குரிமை இருந்தது. 1951-52இல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலில் 21 வயது நிரம்பிய ஆடவர், பெண்டிர் அனைவரும் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். 1989 முதல் 18 வயதே போதும்.

இராஜகிரியின் அடிவாரத்தில் பெரிய களஞ்சியங்களை இன்றும் காணலாம். உழவர் விளைத்த நெல் அரசுரிமையாக அங்குச் சென்று சேர்ந்தது. உள்ளே சென்ற நெல் எதற்குச் செலவாயிற்று என்று உழவர் கேட்பதற்கு ஓர் அவை இருந்ததில்லை. இந்திய அரசின் களஞ்சியமோ அவ்வாறன்று. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டம் நாடாளுமன்றத்தின்முன் வைக்கப்படுகின்றது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி இசைவளித்தாலன்றி, அரசின் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்க இயலாது. பணம் பற்றிய மசோதாவை மக்களவையில் மட்டுமே கொண்டுவரலாம். மாநிலங்களவை அதனை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வரி கொடுப்போர் நேரே தேர்ந்த அவைக்கே பணப்பையின் கயிறு தரப்பட்டிருக்கின்றது.

கேள்வி கேட்பதற்கும் தனி நேரம் உண்டு. கேள்வி நேரத்தில் உறுப்பினர் எழுப்பும் வினாவுக்கு உரிய அமைச்சர் எழுந்து விடையளித்தல் வேண்டும். விடை போதாதெனின் துணைக்கேள்வி தொடரும். வினாவை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டுமாதலால், ‘அறியேன்’ என்று அமைச்சர் கூறித் தப்புவது எளிதன்று. சட்டம் இயற்றுவதைக் காட்டிலும் இவ்வினா விடையே ஆட்சியாளரை விழிப்புடன் வைத்திருக்கின்றது எனலாம்.

செஞ்சிக் கோட்டையின் கற்களும் நாடாளுமன்றத்தின் சட்டத்தாலேயே காக்கப்படுகின்றன. முன்னொரு காலத்தில் இங்குள்ள வெங்கடரமணர் கோயிலின் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் பெயர்த்துச் சென்றனர்; புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்பவை அவையே. அவற்றைத் தடுக்க அன்று சட்டம் இல்லை. பழைய நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 1958ஆம் ஆண்டில் இயற்றியது. 2010ஆம் ஆண்டில் அதனைத் திருத்தியது. அத்திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தொலைவுக்குள் புதுக்கட்டடம் எழுப்புதல் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரையில் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 2025ஆம் ஆண்டு ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டபோது, அவற்றுள் 11 மகாராட்டிரத்திலும் ஒன்று செஞ்சியிலும் இருந்தன.

கோட்டைக்கு இது நன்மை. ஆனால் அதன் நிழலில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஒரு குடும்பம் மகனுக்கென மனையில் மற்றொரு வீடு கட்ட விரும்பினால், அதே சட்டம் கையைப் பிடிக்கின்றது. கல்லைக் காப்பதா, குடியிருப்போர்க்கு வழிவிடுவதா என்பது எளிதில் தீரும் வழக்கன்று. நாயக்கர் காலத்தில் இத்தகைய வழக்கு மலையுச்சியில் ஒருவரால் தீர்க்கப்பட்டிருக்கும். இன்று எல்லை 100 மீட்டராக நிற்பதும், குறைவதும், கூடுவதும் தில்லியில் இரு அவைகளின் வாக்கைப் பொறுத்தன. அவ்வாக்குகளுள் ஒன்று, செஞ்சி மக்களும் சேர்ந்து தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினருடையது.