காகித மணிமாலையும் கொல்லாமையும்

சென்ற ஆண்டின் நாட்காட்டி, நடந்து முடிந்த திருமணங்களின் அழைப்பிதழ்கள், ஓரம் கிழிந்த பருத்திப் புடவை ஆகியன இல்லாத இல்லம் இல்லை. இவற்றைக் கொண்டு சிறுமியர் அணியத்தக்க மணிமாலை செய்யும் முறையை இப்பாடத்தில் காண்போம். வீணாகும் பொருளைக் கொண்டு செய்வதனாலேயே அது அறத்தோடு பொருந்திவிடும் என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. பசையிலும் மெருகிலும் நூலிலும் உயிர்க்கொலை மறைந்து நிற்கக்கூடும்.

முதலில் தாள். வழுவழுப்பான மாத நாட்காட்டித் தாளே சிறந்தது. தீர்த்தங்கரர் திருவுருவமோ மந்திரமோ அச்சிட்டவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுக. (இவ்விதழின் பழைய பிரதிகளுக்கும் கத்தரிக்கோல் வேண்டாம்!) எஞ்சியவற்றை அடிப்பக்கம் 2 செ.மீ., நீளம் 25 செ.மீ. கொண்ட இருசமபக்க முக்கோணங்களாக வெட்டுக. அகன்ற முனையைத் தென்னை ஈர்க்கின்மேல் வைத்து, முதற்சுற்றினைப் பசையின்றியும் பின்னர் மெல்லிய பசை தடவியும் இறுகச் சுருட்டுக. கூர்முனை சரியாக நடுவில் வந்து முடிந்தால், நடு பருத்து இருபுறமும் சிறுத்த அழகிய மணி கிடைக்கும். குழந்தைகளின் முதல் நான்கைந்து மணிகள் கோணலாகத்தான் அமையும். அவற்றை எறியாமல் பின்கழுத்துப் பக்கம் கோக்கலாம். ஈர்க்கினை உருவிவிட்டு ஒருநாள் நிழலில் உலர்த்துக.

இனி, பசை. தச்சர்கள் கையாண்டுவந்த வச்சிரம் விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. அது நமக்கு ஆகாது. ஒரு கரண்டி மைதாவை ஐந்து கரண்டி வடிகட்டிய நீரில் கட்டியின்றிக் கரைத்துச் சிறுதீயில் கிளறினால் நல்ல பசை கிடைக்கும். பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். அது பூச்சிக்கும் நஞ்சு, விரலை வாயில் வைக்கும் குழந்தைக்கும் நஞ்சு. அன்றைக்கு வேண்டிய அளவே காய்ச்சி, பகற்பொழுதிலேயே வேலையை முடித்துவிட்டால் துத்தம் எதற்கு?

மெருகிற்குப் பிரெஞ்சு பாலிஷ் பூசுவோர் உளர். அது அரக்கினால் ஆனது. அரக்கோ சிறு பூச்சிகளின் சுரப்பு. கிளைகளிலிருந்து அதனைச் சுரண்டி எடுக்கையில் எண்ணற்ற உயிர்கள் மடிகின்றன. நாட்காட்டித் தாளின் இயற்கைப் பளபளப்பே போதுமானது.

நூலைப் பற்றி ஒரு வினா எழும். கூட்டுப்புழுவைக் கொன்று எடுக்கும் பட்டினைப் புதிதாக வாங்கக் கூடாது, சரி. வீட்டில் முன்பே கிடக்கும் பட்டுக் கந்தலிலிருந்து நூல் எடுக்கலாமா? புதிதாக ஓர் உயிரும் மாய்வதில்லையே என்பர். இதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் விலக்குவதே நம் நெறி. பட்டின் மினுமினுப்பைக் கண்டு மகிழும் சிறுமி, நாளை புதுப்பட்டுக் கேட்பாள். அம்மகிழ்ச்சியை ஊட்டியவர் நாமல்லவா? ஆதலின் வேண்டாம் என்பதே என் துணிபு. பருத்திப் புடவையின் கரையிலிருந்து உருவிய இழைகளை மூன்று புரியாக முறுக்கினால் பதினாறு மணிகளை நன்கு தாங்கும்.