வெளி அலகைக் கழற்றுமுன்...

குளிர்நாட்டு வீடுகளைச் சூடாக்கும் வெப்பப் பம்பின் வெளி அலகை மாற்ற வேண்டும். குழாய்களிலுள்ள குளிர்பதன வாயுவை என்ன செய்வது? திறந்துவிடக் கூடாது. ஒரு கிலோ ஆர்-410ஏ வாயு, 100 ஆண்டுக் கணக்கில், ஏறத்தாழ 2,000 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு அளவுக்குப் புவியைச் சூடாக்கும்.

பம்பைக் குளிரூட்டும் முறையில் ஓட்டி, திரவம் வீட்டுக்குள் செல்லும் வால்வை முதலில் மூடுவார்கள். கம்ப்ரஸர் உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சி, வெளி அலகிலேயே திரவமாகச் சேர்க்கும். குழாயின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தை நெருங்கியதும் வாயு திரும்பும் வால்வையும் மூடி, உடனே கம்ப்ரஸரை நிறுத்த வேண்டும். ஏன் இந்த அவசரம்? தொடர்ந்து ஓடினால் கசிவு வழியே காற்று நுழையலாம். காற்றும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து அழுத்தப்பட்டால்? டீசல் என்ஜினை நினைத்துப் பாருங்கள். தீப்பொறியின்றியே வெடிக்கும்! ஜப்பானில் இத்தகைய விபத்துகள் நடந்திருக்கின்றன.

கம்ப்ரஸரே பழுதென்றால் தனி இயந்திரத்தால் வாயுவை உருளையில் ஏற்றுவார்கள், 80 சதவீதம் வரை மட்டும். வெப்பம் ஏறினால் திரவம் விரியும் அல்லவா?