வால்மீனின் பாதை மாறுவது ஏன்?

கேள்வி: குறித்த காலத்தில் திரும்பி வரும் வால்மீன்கள் எப்போதும் ஒரே பாதையில்தான் சூரியனைச் சுற்றுகின்றனவா?

பதில்: இல்லை, அவற்றின் பாதையை இரண்டு காரணங்கள் மாற்றுகின்றன. முதலாவது கோள்களின், குறிப்பாக வியாழனின், ஈர்ப்பு. சுர்யுமோவ்-கெராசிமென்கோ வால்மீன் 1959இல் வியாழனை மிக நெருங்கிக் கடந்தபோது, சூரியனுக்கு மிக அருகில் வரும் இடமாகிய அதன் அண்மைநிலை ஏறத்தாழ 40 கோடி கிலோமீட்டரிலிருந்து 19 கோடி கிலோமீட்டராகச் சுருங்கியது. அதனால் சூரிய வெப்பத்தை மிகுதியாகப் பெற்று ஒளிர்ந்த அவ்வால்மீன் 1969இல் கண்டறியப்பட்டதோடு, 2014இல் ஐரோப்பாவின் ரொசெட்டா விண்கலம் சென்றடையக்கூடிய இலக்காகவும் அமைந்தது. இன்று அதன் சுற்றுக்காலம் ஏறத்தாழ ஆறரை ஆண்டுகள்.

இரண்டாவது காரணம் வால்மீனுக்குள்ளேயே இருக்கிறது. சூரியனை நெருங்கும்போது, பனியும் தூசியும் கலந்த அதன் உட்கருவிலிருந்து வாயு பீறிட்டு வெளியேறி, ராக்கெட்டைப் போல அதை எதிர்த்திசையில் மெல்ல உந்துகிறது. சுமார் 3.3 ஆண்டுகளில் சூரியனைச் சுற்றும் என்கே வால்மீன், 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வொரு முறையும் கணித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே திரும்பியதற்கு ஈர்ப்புவிதி மட்டும் விடை தரவில்லை. 1950இல் ஃபிரெட் விப்பிள் முன்வைத்த இவ்விளக்கமே அப்புதிரைத் தீர்த்தது. ஆகவே, வால்மீனின் அடுத்த வருகையைத் துல்லியமாகக் கணிக்க விரும்புவோர் கோள்களின் ஈர்ப்பையும் இந்த வாயு உந்தலையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.