குழந்தைகளோடு எழும்பூர் அருங்காட்சியகம்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. வளாகம் பெரிது, கட்டடங்களும் பல. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட நினைத்தால் அழுகையில்தான் முடியும். இரண்டு கூடங்கள் போதும். வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில், வெயில் ஏறுமுன், சாப்பிட வைத்தே கூட்டிப் போங்கள்.

முதலில் விலங்கியல் பிரிவு. அங்குள்ள திமிங்கல எலும்புக்கூட்டுக்கு எந்த விளக்கமும் வேண்டாம், பிள்ளைகளே வாய் பிளந்து நிற்பார்கள்.

அடுத்து செப்புத் திருமேனிகள். சோழர் வரலாற்றை ஆரம்பித்தீர்களோ, கொட்டாவிதான்! நடராஜர் முன் நிறுத்தி, தேட விடுங்கள். உடுக்கை எந்தக் கையில்? நெருப்பு எதில்? காலடியில் கிடக்கும் முயலகன் எந்தப் பக்கம் பார்க்கிறான்? குனிந்தும் எட்டியும் அவர்களாகவே பார்ப்பார்கள். சிலையைத் தொடக்கூடாது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போய் அதட்டினால் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

நாணயங்கள், கல்வெட்டுகளெல்லாம் பத்து வயதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர், மாற்று உடை, சில்லறை அவசியம். 'கால் வலிக்குது' என்று முதல் தடவை சொன்னதுமே வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துவிடுங்கள். கொடுத்த டிக்கெட் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்.