கிழங்குக் காட்டில் ஒரு சால் பயறு

"கறி தின்னாத உடம்புல பலம் எங்கிருந்து வரும்?" டீக்கடையில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இருக்க மாட்டோம். இப்போ அதுக்குத் துணையா டப்பாவில் புரோட்டின் மாவும் வந்தாச்சு. கறி தின்கிறவங்க தின்னட்டும், அதில் எனக்கு வம்பில்லை. ஆனா நம்ம காட்டிலேயே விளையக்கூடிய புரதத்தை விட்டுட்டு டப்பாவைத் தேடுறதைத்தான் பேசணும்.

முதல்ல கணக்கு. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளைக்கு 0.83 கிராம், தானியமே பெரும்பங்கா இருக்கிற சாப்பாடுன்னா 1 கிராம் புரதம் தேவைன்னு 2020-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொன்னது. 55 கிலோ எடை உள்ளவருக்கு 46-லிருந்து 55 கிராம். சாமையோ அரிசியோ 300 கிராம் சாப்பிட்டா சுமார் 24 கிராம் வரும். பருப்பும் பயறும் 75 கிராம்னா 17. ஒரு கைப்பிடி நிலக்கடலை 7. ஆக 48. கீரை, மோர் எல்லாம் இதுக்கு மேலே.

சேலத்தில் 1918-ல் பிறந்த சத்துணவு விஞ்ஞானி டாக்டர் சி. கோபாலன் இதைத்தான் வேற விதமா சொன்னார். உலகமே 'புரதப் பஞ்சம்'னு பேசி, செறிவூட்டிய மாவு தயாரிக்கக் கிளம்பின காலம் அது. நம்ம ஏழைக் குழந்தைகளுக்கு முதல்ல குறையிறது மொத்தச் சாப்பாடுதான். வழக்கமான வீட்டு உணவே வயிறு நிறையக் கிடைச்சா புரதமும் பெரும்பாலும் சரியாயிடும்னார். வயிறு காய்ஞ்சா, தின்ன புரதத்தையும் உடம்பு அடுப்புல விறகா எரிச்சிடும்.

ஆனா இந்தக் கணக்கு, தானியமும் பருப்பும் இருக்கிற தட்டுக்கு. நம்ம பக்கம் தட்டே மாறிட்டு வருது. கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் சாமை, தினை, கேழ்வரகோட துவரையும் மொச்சையும் கலந்து விதைச்ச காடுகள்ல இப்போ மரவள்ளி நிக்குது. கிழங்கு ஆத்தூர், சேலம் ஜவ்வரிசி ஆலைக்குப் போகுது, காசு வருது. குறை சொல்ல முடியாது. ஆனா 100 கிராம் கிழங்குல புரதம் 1 கிராம்தான். சாமை தர்ற 24 கிராமைக் கிழங்குல எடுக்க 2 கிலோவுக்கு மேல தின்னணும்!

காசு வந்தா பருப்பு வாங்கிக்கலாமேன்னு கேட்பீங்க. வாங்குறோமா? ரேஷன்ல மாசம் ஒரு கிலோ துவரம்பருப்பு. நாலு பேர் வீட்டில் பங்கு போட்டா ஆளுக்கு நாளைக்கு 8 கிராம். நூறு கிராம் பருப்புல நாலு பேருக்குச் சாம்பார் வெச்சா ஆளுக்கு ஐந்தரை கிராம் புரதம், ஒரு முட்டை அளவுகூட இல்லை. கடைசியா சாப்பிட உட்காருற பொம்பளைங்களுக்கு மேல்தெளிவுதான் மிச்சம். அந்த வீட்டில் கர்ப்பிணி இருந்தா யோசிச்சுப் பாருங்க.

இயற்கை விவசாயிங்க நம்மகிட்டயும் ஒரு தப்பான நினைப்பு இருக்கு: சிறுதானியம் மட்டும் போதும்னு. தானியப் புரதத்தில் லைசின் குறைவு. பயறுல அது நிறைய. பயறுல குறையிற மெத்தியோனின் தானியத்துல இருக்கு. ரெண்டும் ஒரே தட்டுல வரணும்னு இல்லை, ஒரே நாள்ல வந்தா போதும். களியும் கொள்ளுக் கடைசலும் நல்ல ஜோடி. கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்லியே கொள்ளை ஒதுக்கிட்டோம். அதுல நூத்துக்கு 22 பங்கு புரதம்.

நாலு பேருக்கு வருஷத்துக்கு 110 கிலோ பயறு வேணும். மானாவாரியில் ஏக்கருக்கு 250 கிலோன்னு வெச்சாலும் 45 சென்ட் காடு. அதுக்காக மரவள்ளியைப் பிடுங்க வேண்டாம். மூணு அடி இடைவெளியில் குச்சி நடும்போதே நடுவுல ஒரு சால் உளுந்து போடுறேன். 70 நாள்ல, செடி நிழல் மூடுறதுக்குள்ள அறுத்துடலாம். வேர் முடிச்சு தழைச்சத்தையும் மண்ணுக்குச் சேர்க்கும். தட்டப்பயறுன்னா குத்துச்செடி ரகமா பாருங்க, கொடி ரகம் மரவள்ளியைச் சுத்திக்கும். வரப்புல துவரை, வேலியில மொச்சை.

விதைத் துவரையைச் செம்மண் கட்டி, வெயில்ல நல்லா காயவெச்சு, பானையில் போட்டு மூடுங்க. வண்டு அண்டாது.